வார்டில் தோற்றவர் கோட்டையைப் பிடித்தார்! அண்ணா தி.மு.கழகம் வளர்த்த கதை

சென்னை பெத்துநாயக்கன்பேட்டையில் இருந்து செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். சைக்கிள் இருந்தால் இன்னும் சுலபம். அந்தக் கொஞ்ச தூரத்தைக் கடக்க ஒரு மனிதருக்கு 30 ஆண்டு பிடித்தது.

அவர்தான் அண்ணா. முழுப்பெயர் காஞ்சீபுரம் நடராஜன் அண்ணாதுரை.

1930-களின் நடுவில், வாலிப வயதில், பெத்துநாயக்கன்பேட்டையில் மாநகராட்சித் தேர்தலுக்கு நின்றார். தோற்றுப் போனார். 1967-ம் ஆண்டு மார்ச் 6-ந்தேதி அதே சென்னையில் முதல்-மந்திரியாகப் பதவி ஏற்றார். ஒரு மாநிலக் கட்சி தனித்து மெஜாரிட்டி பெற்று, காங்கிரசை வீட்டுக்கு அனுப்பியது. டெல்லியே திகைத்தது.

நடுவில் அவர் தோற்றது ஒரு தடவை இல்லை. ஜெயிலுக்குப் போனதும் ஒரு தடவை இல்லை. ஜமீன் கிடையாது, மில் கிடையாது, பேங்கியில் பணம் கிடையாது. பின் எதை வைத்துக் கட்சியை வளர்த்தார்? தெருவை வைத்துத்தான்!

நகரசபை குமாஸ்தா

1909-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி காஞ்சீபுரத்தில் பிறந்தார். தந்தை நடராஜன், தாய் பங்காரு அம்மாள். நெசவாளர் குடும்பம். சிறுவனை எடுத்து வளர்த்தவர் சிற்றன்னை ராஜாமணி அம்மாள். தொத்தா, தொத்தா என்று கடைசி வரைக்கும் உயிராக இருந்தார்.

பள்ளிப்படிப்பின்போது வீட்டில் கஷ்டம். கொஞ்ச நாள் காஞ்சீபுரம் நகரசபை ஆபீசில் குமாஸ்தா வேலை பார்த்தார். மனுக்களையும் பைல்களையும் புரட்டிய அந்தக் கை, பின்னாளில் அரசாங்க பைல்களில் முதல்-மந்திரி என்று கையெழுத்துப் போட்டது.

பிறகு சென்னைக்கு வந்தார். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து பொருளாதாரமும் அரசியலும் படித்தார். படிக்கும்போதே 1930-ல் கல்யாணம் ஆகிவிட்டது. மனைவி ராணி அம்மையார். இவர்களுக்குக் குழந்தை இல்லை. சகோதரி குடும்பத்துப் பிள்ளைகளைத் தத்து எடுத்து வளர்த்தார்கள்.

ஆள் குள்ளம். குரல் கரகரப்பு. வாயில் வெற்றிலை, கையில் மூக்குப்பொடி. வேட்டி சட்டை எப்போதும் கசங்கியே இருக்கும். கூட்டத்துக்குச் சொன்ன நேரத்தில் வந்தது அபூர்வம். ஆனால் மைக் முன்னால் நின்றுவிட்டால் போதும், எதுகை மோனையாய்த் தமிழ் கொட்டும். நேரமாகிவிட்டதே என்று முணுமுணுத்தவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள்.

பெரியாரைச் சந்தித்தார்

1934-ல் திருப்பூரில் வாலிபர் மகாநாடு நடந்தது. அங்கேதான் பெரியார் ஈ.வெ.ராமசாமியை அண்ணா சந்தித்தார். அன்று பிடித்த கையை 15 ஆண்டு விடவில்லை.

அப்போது ஜஸ்டிஸ் கட்சி பெரிய மனிதர்களின் கட்சி. ராஜாக்கள், மிட்டாதாரர்கள், சர் பட்டக்காரர்கள் அதில் இருந்தார்கள். அந்தக் கட்சி சார்பில்தான் அண்ணா பெத்துநாயக்கன்பேட்டையில் நின்று தோற்றார். 1937 பொதுத்தேர்தலில் ஜஸ்டிஸ் கட்சியே படுதோல்வி அடைந்தது. ஜனங்களிடம் போகாத கட்சிக்கு ஜனங்கள் ஓட்டுப் போட மாட்டார்கள் என்ற பாடம் வாலிபர் மனதில் பதிந்தது.

அண்ணா ஈரோட்டுக்குப் போனார். பெரியாரின் 'குடிஅரசு', 'விடுதலை' பத்திரிகைகளில் வேலை செய்தார். 1938-ல் ராஜாஜி மந்திரிசபை பள்ளிக்கூடங்களில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. மறியல் தொடங்கியது. அண்ணாவுக்கு 4 மாத ஜெயில்.

அந்தப் போராட்டத்தில் சென்னை ஜெயிலில் இருந்த நடராசன், தாளமுத்து என்ற 2 வாலிபர்கள் 1939-ல் அடுத்தடுத்து இறந்தார்கள். இருவரையும் மூலக்கொத்தளம் சுடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். இந்திக் கட்டாயம் 1940-ல் ரத்தானது.

1942-ல் காஞ்சீபுரத்தில் 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினார் அண்ணா. 1944 ஆகஸ்டில் சேலம் மகாநாட்டில் ஜஸ்டிஸ் கட்சியின் பெயர் திராவிடர் கழகம் என்று மாறியது. அந்தத் தீர்மானத்துக்குப் பெயரே அண்ணாதுரை தீர்மானம். சர் பட்டங்களைத் துறக்க வேண்டும், சர்க்கார் கொடுக்கும் கவுரவப் பதவிகளை விட வேண்டும் என்று தீர்மானம் வந்தது. பட்டக்காரர்கள் நைசாக நழுவினார்கள். துண்டு போட்ட வாலிபர்கள் உள்ளே வந்தார்கள்.

நாடகக் கொட்டகையில் அரசியல்

மேடையில் பேசினால் வருபவன் கட்சிக்காரன். நாடகம் போட்டால் வருபவன் ஊர்க்காரன். இந்தச் சூட்சுமத்தை அண்ணா சீக்கிரமே பிடித்துக்கொண்டார்.

'சந்திரோதயம்', 'ஓர் இரவு', 'வேலைக்காரி' என்று நாடகங்கள் எழுதினார். தானே வேஷம் கட்டி நடித்தார். 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் சிவாஜியாக நடித்தவர் கணேசன் என்ற இளைஞர். அந்த வேஷமே அவருக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது.

1949-ல் 'நல்லதம்பி', 'வேலைக்காரி' இரண்டும் சினிமாவாக வந்தன. தரை டிக்கெட் வாங்கிய ரிக்‌ஷாக்காரரும் கூலிக்காரரும் அண்ணாவின் வசனத்தைக் கேட்டார்கள். கட்சி கேட்காத செலவில் பிரசாரம் நடந்தது.

தலைவர் நாற்காலி காலி

பெரியாருக்கும் அண்ணாவுக்கும் மனக்கசப்பு 1947-லேயே தெரிந்தது. சுதந்திர தினம் துக்க தினம் என்று பெரியார் அறிவித்தார். அண்ணா ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளைக்காரன் போவது நல்ல நாள்தான் என்பது அவர் கட்சி. குருவை எதிர்த்து பகிரங்கமாக எழுதினார்.

1949-ம் ஆண்டு ஜூலை மாதம் குண்டு வெடித்தது. எழுபதை நெருங்கிய பெரியார், தம்மிலும் மிக இளையவரான மணியம்மையைத் திருமணம் செய்துகொண்டார். இயக்கத்தின் சொத்துக்குச் சட்டப்படி ஒரு வாரிசு வேண்டும் என்பது பெரியார் தரப்பு நியாயம். பொருந்தாத் திருமணத்தைக் கண்டித்த இயக்கமே இதைச் செய்யலாமா என்பது தொண்டர்களின் கேள்வி.

அண்ணா சண்டைக்குப் போகவில்லை. சொத்து கேட்டு கோர்ட்டுக்கும் போகவில்லை. கட்டிடம், அச்சு எந்திரம், பணம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கண்ணீரோடு வெளியே வந்தார். கண்ணீர்த்துளிகள் என்று பெரியார் கட்சியினர் பல ஆண்டு கேலி செய்தார்கள்.

செப்டம்பர் 17-ந்தேதி, பெரியாரின் பிறந்தநாள். அன்று சென்னை பவளக்காரத் தெரு 7-ம் நம்பர் வீட்டில் கூடினார்கள். திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது. தலைவர் நாற்காலி காலியாகவே இருக்கும், அது பெரியாருக்கு உரியது என்று முடிவு செய்தார்கள். அண்ணா பொதுச்செயலாளர் ஆனார். அவரோடு ஈ.வெ.கி.சம்பத், நெடுஞ்செழியன், மதியழகன், என்.வி.நடராசன் ஆகியோர் முன்னணியில் நின்றார்கள். ஐம்பெரும் தலைவர்கள் என்று தொண்டர்கள் பெயர் வைத்தார்கள். சம்பத் பெரியாரின் சொந்த அண்ணன் மகன்!

மறுநாள் 18-ந்தேதி ராயபுரம் ராபின்சன் பூங்காவில் முதல் பொதுக்கூட்டம். மழை என்றால் சாதாரண மழை இல்லை, கொட்டோ கொட்டென்று கொட்டியது. கூட்டம் கலையவில்லை. நனைந்துகொண்டே கேட்டார்கள். அந்தப் பூங்காவுக்குப் பின்னர் அண்ணா பெயரே வைக்கப்பட்டது.

டீக்கடையே கட்சி ஆபீஸ்

பணக்காரக் கட்சிக்குக் கார் இருந்தது. இவர்களுக்கு சைக்கிள் இருந்தது.

ராயபுரத்தில் 'அறிவகம்' என்ற தலைமை நிலையம் வந்தது. ஆனால் கட்சி வளர்ந்த இடம் அது மட்டும் இல்லை. தெருவுக்குத் தெரு படிப்பகம், மன்றம் தோன்றின. ஓலைக் கொட்டகை, ஒரு பெஞ்சு, நாலு பத்திரிகை, வாசலில் கருப்பு-சிவப்புக் கொடி. அவ்வளவுதான் கிளைக்கழகம்.

அண்ணாவின் 'திராவிட நாடு', கருணாநிதியின் 'முரசொலி', நெடுஞ்செழியனின் 'மன்றம்', கட்சி நாளேடு 'நம் நாடு' என்று வரிசையாகப் பத்திரிகைகள். முடிதிருத்தும் கடையிலும் டீக்கடையிலும் ஒருவர் உரக்கப் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். எழுத்து தெரியாதவருக்கும் அண்ணா அந்த வாரம் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் என்ன இருந்தது என்பது தெரியும்.

தம்பி! அந்த ஒரு உறவுப்பெயர் பெரிய வேலை செய்தது. கட்சித் தலைவர் என்றால் கும்பிடு போட்டுத் தள்ளி நிற்க வேண்டிய காலம். இங்கே தலைவர் அண்ணன், தொண்டன் தம்பி. ஜாதி கேட்கவில்லை, படிப்பு கேட்கவில்லை. கடைச்சிப்பந்தியும் கைத்தறிக்காரரும் குமாஸ்தாவும் மாணவரும் வந்து சேர்ந்தார்கள்.

சினிமா கை கொடுத்தது. 1952-ல் கருணாநிதி வசனத்தில் 'பராசக்தி' வந்தது, நாடே அதிர்ந்தது. எம்.ஜி.ஆர். கட்சியில் சேர்ந்தார். 1958-ல் அவர் எடுத்த 'நாடோடி மன்னன்' படத்தின் ஆரம்பத்தில் கட்சிக்கொடியே திரையில் தெரிந்தது.

வழக்கும் ஜெயிலும்

போலீஸ் ஏட்டைப் புரட்டினால் அண்ணாவின் பெயர் அடிக்கடி வரும். 'ஆரிய மாயை' என்ற நூலுக்காக 1950-ல் வழக்கு, திருச்சி ஜெயில். இதில் ஒரு விசித்திரம். அதே சமயம் வேறொரு நூல் வழக்கில் பெரியாரும் அதே ஜெயிலில் இருந்தார். பிரிந்து போன குருவும் சீடரும் ஒரே மதிலுக்குள்!

1953 ஜூலையில் மும்முனைப் போராட்டம். முதல்-மந்திரி ராஜாஜியின் புதிய கல்வித்திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாதி நாள் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில். குலக்கல்வி என்று தி.மு.க. எதிர்த்தது. டால்மியாபுரத்தைக் கல்லக்குடி என்று மாற்றக் கோரி கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தார். தங்களை இழிவாகப் பேசியதாக நேருவைக் கண்டித்து ஊர் ஊராக ரெயிலை நிறுத்தினார்கள். கல்லக்குடியில் துப்பாக்கி சூடு, உயிர்ப்பலி. அண்ணா உள்பட 5 தலைவர்கள் மீது வழக்குப் போட்டு 3 மாத ஜெயில் கொடுத்தார்கள்.

ராஜாஜி பதவி விலகினார். 1954-ல் காமராஜர் முதல்-மந்திரி ஆனார், குலக்கல்வித் திட்டம் போயிற்று. குடியாத்தம் இடைத்தேர்தலில் காமராஜரை தி.மு.க. ஆதரித்தது. நல்லது செய்தால் எதிரியையும் பாராட்டுவது அண்ணாவின் பழக்கம்.

தேர்தலில் குதித்தார்

1956 மே மாதம் திருச்சி மகாநாட்டில் ஒரு புதுமை நடந்தது. தேர்தலில் நிற்கலாமா வேண்டாமா என்று தொண்டர்களையே ஓட்டுப்போடச் சொன்னார்கள். பெட்டி வைத்து ஓட்டு எடுத்தார்கள். நிற்கலாம் என்று பெருவாரியான ஓட்டு விழுந்தது.

1957 பொதுத்தேர்தலில் சட்டசபைக்கு 15 பேர், பார்லிமெண்டுக்கு 2 பேர் ஜெயித்தார்கள். அண்ணா காஞ்சீபுரத்தில் வெற்றி பெற்றார். 15 பேர்தானே என்று காங்கிரசார் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு 2 ஆண்டுதான் நீடித்தது.

ரிப்பன் மாளிகையில் கருப்பு-சிவப்பு

1959-ல் சென்னை மாநகராட்சித் தேர்தல் வந்தது. மொத்தம் 100 வார்டு. தி.மு.க. 45 வார்டுகளைப் பிடித்தது! கம்யூனிஸ்டுகள் துணையோடு ஏ.பி.அரசு மேயர் ஆனார். ரிப்பன் மாளிகையில் ஏறிய முதல் தி.மு.க. மேயர் அவர்தான். தேர்தல் வேலையில் ஓடி ஓடி உழைத்த கருணாநிதிக்கு அண்ணா மோதிரம் போட்டார்.

எந்த மாநகராட்சியில் ஒரு கவுன்சிலர் சீட்டுக்கு நின்று அண்ணா தோற்றாரோ, அந்த மாநகராட்சியே கைக்கு வந்தது. இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வார்டு கவுன்சிலர் என்பவர் தினமும் ஜனங்கள் முகத்தில் விழிக்க வேண்டியவர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். தெருவிளக்கு எரியாவிட்டாலும் அவர்தான், சாக்கடை அடைத்தாலும் அவர்தான். மேடையில் பேசத் தெரிந்தவர்கள் குப்பை அள்ளவும் ஏற்பாடு செய்வார்களா என்று சென்னைவாசிகள் சோதித்துப் பார்த்தார்கள். 1964-லும் மாநகராட்சி தி.மு.க. வசமே இருந்தது.

பின்னாளில் இதே மாளிகையில் கறையும் படிந்தது. அண்ணா இறந்து 4 ஆண்டு கழித்து, 1973-ல் மஸ்டர் ரோல் ஊழல் வெடித்தது. வேலைக்கே வராத ஆட்கள் பெயரில் கூலி எழுதிய விவகாரம். தி.மு.க. அரசே மாநகராட்சியைக் கலைத்தது. அதற்கு அடுத்த மாநகராட்சித் தேர்தலைப் பார்க்க சென்னை 1996 வரை காத்திருந்தது.

கட்சி ஜெயித்தது, தலைவர் தோற்றார்

1961-ல் பேரிடி. ஐவரில் ஒருவரான சம்பத் கட்சியை விட்டு வெளியேறித் தனிக்கட்சி கண்டார். கட்சி உடைந்தது, இனி எழாது என்று பலர் கணக்குப் போட்டார்கள்.

1962 தேர்தலில் காமராஜர் ஒரு வியூகம் வகுத்தார். பழைய 15 எம்.எல்.ஏ.க்களையும் குறி வைத்து அடிப்பது என்பதே அது. திட்டம் பலித்தது. 15-ல் 14 பேர் காலி! தஞ்சாவூரில் நின்ற கருணாநிதி ஒருவர்தான் தப்பினார். காஞ்சீபுரத்தில் அண்ணாவையே ஒரு பஸ் முதலாளி தோற்கடித்தார். சொந்த ஊரே கைவிட்டது.

ஆனால் மற்ற தொகுதிகளின் முடிவு வந்தபோது காங்கிரஸ் வாயடைத்துப் போயிற்று. தி.மு.க. 50 சட்டசபைத் தொகுதிகளையும் 7 பார்லிமெண்டு தொகுதிகளையும் பிடித்திருந்தது. 15 தலையை வெட்டினால் 50 தலை முளைத்தது. தலைவர் தோற்றாலும் கட்சி ஜெயிக்கும் அளவுக்குத் தெருக்கள் வேரூன்றி இருந்தன.

அண்ணா டெல்லி மேல்-சபைக்குப் போனார். அங்கே திராவிட நாடு கேட்டு இங்கிலீஷில் அவர் பேசிய பேச்சை எதிர்க்கட்சிகளும் உன்னிப்பாகக் கேட்டன. அதே ஆண்டு விலைவாசி உயர்வை எதிர்த்து மறியல் செய்து வேலூர் ஜெயிலில் இருந்தார்.

கொள்கையை விட்டார்

1962 அக்டோபரில் சீனா படையெடுத்தது. பிரிவினைப் பேச்சை நிறுத்துவதாக அண்ணா அறிவித்தார். யுத்த நிதி திரட்டினார். 1963-ல் பிரிவினை கேட்கும் கட்சி தேர்தலில் நிற்க முடியாதபடி அரசியல் சட்டம் 16-வது முறையாகத் திருத்தப்பட்டது. தி.மு.க. தனிநாடு கோரிக்கையை அடியோடு கைவிட்டது.

14 ஆண்டு மேடை மேடையாக முழங்கிய கோரிக்கை! அடைந்தால் திராவிட நாடு என்று கத்தித் தொண்டை கட்டியவர்களுக்கு இது சாதாரண விஷயமா? பயந்துவிட்டார் என்றார்கள் எதிரிகள். கட்சி இருந்தால்தானே கோரிக்கை என்பது அண்ணாவின் கணக்கு. கேட்டதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று சொல்லிவிட்டு, மாநிலங்களுக்கு அதிக அதிகாரம் என்ற பாதைக்குத் திரும்பினார். கட்சி உடையவில்லை. இந்த ஒரு முடிவு இல்லாவிட்டால் 1967 இல்லை.

தீயும் ரத்தமும்

1965 ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழி என்ற கெடு நெருங்கியது. அதை எதிர்த்து 1963 நவம்பரிலேயே அரசியல் சட்டத்தின் மொழிப்பிரிவைக் கொளுத்தும் போராட்டம் நடத்தி அண்ணா ஜெயிலுக்குப் போனார். 1964 ஜனவரியில் திருச்சியில் சின்னசாமி என்ற வாலிபர் தன் உடலில் தானே தீ வைத்துக்கொண்டு இறந்தார்.

1965 ஜனவரி 26 குடியரசு தினத்தை துக்க தினம் என்று தி.மு.க. அறிவித்தது. முதல்-மந்திரி பக்தவத்சலம் முன்கூட்டியே அண்ணாவையும் ஆயிரக்கணக்கான தொண்டர்களையும் பிடித்து உள்ளே போட்டார். ஆனால் போராட்டம் மாணவர்கள் கைக்குப் போய்விட்டது. மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் கத்திக்குத்து. கோடம்பாக்கத்தில் சிவலிங்கம், விருகம்பாக்கத்தில் அரங்கநாதன் தீக்குளித்து மாண்டார்கள். இருவரும் சென்னைவாசிகள். அண்ணாமலை பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கி சூட்டில் பலியானார்.

ரெயில் எரிந்தது, தபால் ஆபீஸ் எரிந்தது. போலீஸ் அதிகாரிகளும் கும்பலிடம் சிக்கி உயிரிழந்தார்கள். பட்டாளம் வந்தது. அரசாங்கக் கணக்கிலேயே சுமார் 70 பேர் பலி. மத்திய மந்திரிகள் சி.சுப்பிரமணியமும் அளகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். இங்கிலீஷ் தொடரும் என்று பிரதமர் சாஸ்திரி ரேடியோவில் உறுதி கூறினார். அண்ணாவும் போராட்டத்தை நிறுத்தும்படி மாணவர்களைக் கேட்டுக்கொண்டார். நெருப்பு உடனே அடங்கவில்லை.

தி.மு.க.வின் வெற்றிக் கணக்கை எழுதுகிறவர்கள் இந்தச் சாவுக் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும். கோட்டைக்குப் போன பாதையில் இந்த வாலிபர்களின் சாம்பலும் கிடந்தது.

அரிசியும் ஒரு துப்பாக்கிக் குண்டும்

1966-ல் அரிசிப் பஞ்சம். ரேஷன் கடையில் கியூ நீண்டது. விலை ஏறியது. காங்கிரஸ் மீது தாய்மார்களுக்கும் கோபம் வந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று அண்ணா வாக்குக் கொடுத்தார். சுவர் சுவராக அதை எழுதினார்கள்.

கூட்டணி கட்டுவதில் அண்ணா கெட்டிக்காரர். யாரை எதிர்த்து 1938-லும் 1953-லும் ஜெயிலுக்குப் போனாரோ, அந்த ராஜாஜியையே கூட்டணிக்கு அழைத்து வந்தார். சுதந்திரா கட்சியும் மார்க்சிஸ்டு கம்யூனிஸ்டும் ஒரே அணியில்! முஸ்லிம் லீக், ம.பொ.சி., ஆதித்தனார் எல்லோரும் சேர்ந்தார்கள். பெரியார் மட்டும் எதிர்ப்புறம். அவர் காமராஜரை ஆதரித்தார்.

1967 ஜனவரி 12-ந்தேதி மாலை ராமாவரம் தோட்டத்தில் துப்பாக்கி வெடித்தது. நடிகர் எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஜனக்கடல். இருவரும் பிழைத்தார்கள். ராதா தண்டனை பெற்று ஜெயிலுக்குப் போனார். எம்.ஜி.ஆர். படுக்கையில் இருந்தபடியே பரங்கிமலை வேட்பாளர். கழுத்தில் கட்டோடு இருந்த அவர் படம் போஸ்டராக ஊர் ஊராக ஒட்டப்பட்டது.

ஓட்டு எண்ணினார்கள். தி.மு.க. 137, காங்கிரஸ் 51! விருதுநகரில் காமராஜரை மாணவர் தலைவர் சீனிவாசன் 1,285 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். முதல்-மந்திரி பக்தவத்சலமும் தோற்றார். அண்ணா தென்சென்னை பார்லிமெண்டு தொகுதியில் ஜெயித்தார். தமிழ்நாட்டில் தி.மு.க. நிறுத்திய 25 பார்லிமெண்டு வேட்பாளர்களும் வெற்றி.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. மொத்த ஓட்டில் காங்கிரஸ் வாங்கியது சுமார் 41 சதவீதம். தி.மு.க. அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஓட்டு சிதறாமல் கூட்டணி கட்டியதுதான் கோட்டைச் சாவியைக் கொடுத்தது.

காமராஜர் தோற்ற செய்தி கேட்டு அண்ணா துள்ளவில்லை, வருந்தினார். பதவி ஏற்கும் முன்னே நேராகத் திருச்சிக்குப் போய், 18 ஆண்டு திட்டித் தீர்த்த பெரியாரைப் பார்த்தார். இந்த அரசே பெரியாருக்குக் காணிக்கை என்று பின்னர் அறிவித்தார். அதற்குப் பிறகு பெரியார் ஒரு நாளும் கண்ணீர்த்துளி என்று கேலி பேசவில்லை.

ஒரு ஆண்டு 11 மாதம்

அண்ணாவைச் சேர்த்து 9 மந்திரிகள். சத்தியவாணிமுத்து அம்மையார் ஒருவரே பெண். முதல்-மந்திரி நுங்கம்பாக்கத்தில் தன் சொந்த வீட்டிலேயே இருந்தார்.

சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டார்கள். மற்ற ஊர்களுக்கு விரிக்கக் கஜானாவில் பணம் இல்லை. மூன்று படி, லட்சியமாகவே நின்றுவிட்டது. எதிர்க்கட்சிகள் அதைச் சொல்லிச் சொல்லிக் குத்தின.

ஐயர் இல்லாமல் நடந்த சுயமரியாதைக் கல்யாணங்கள் சட்டப்படி செல்லும் ஆயின. ஏற்கெனவே அப்படி முடித்தவர்களுக்கும் அது பொருந்தியது. எத்தனையோ குடும்பங்களுக்குப் பெரிய நிம்மதி. 1968 ஜனவரியில் பள்ளிகளில் தமிழ், இங்கிலீஷ் இரண்டு மொழி போதும் என்று சட்டசபை தீர்மானித்தது. அதே மாதம் உலகத் தமிழ் மகாநாடு சென்னையில் நடந்தது. கடற்கரையில் வரிசையாகச் சிலைகள் எழுந்தன. மெட்ராஸ் ஸ்டேட் என்ற பெயர் போய், 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு ஆயிற்று.

கரும்புள்ளியும் உண்டு. 1968 டிசம்பர் 25-ந்தேதி இரவு தஞ்சை மாவட்டம் கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் தீக்கிரை ஆனார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். ஏழைகளின் ஆட்சி என்று வந்த ஆட்சியில் இது நடந்தது. செய்தி வந்தபோது அண்ணா நோயாளி.

கடைசி நாட்கள்

1968 செப்டம்பரில் அமெரிக்காவில் நியூயார்க் ஆஸ்பத்திரியில் அண்ணாவுக்கு ஆபரேஷன் நடந்தது. புற்றுநோய். நவம்பரில் திரும்பினார். உடல் இளைத்திருந்தது. டாக்டர்கள் ஓய்வு எடுக்கச் சொன்னார்கள். கேட்கவில்லை. பொங்கல் அன்று தியாகராயநகரில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சிலையைத் திறந்து வைத்தார். 'நல்லதம்பி'யில் நடித்த நண்பருக்குச் செய்த மரியாதை.

அதன்பின் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் படுத்தவர் எழவில்லை. பிப்ரவரி 2-ந்தேதி நள்ளிரவு தாண்டி, 3-ந்தேதி பிறந்த சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. வயது 59.

உடலை ராஜாஜி மண்டபத்தில் வைத்தார்கள். பஸ், லாரி, ரெயில் கூரை என்று கிடைத்ததில் எல்லாம் தொற்றிக்கொண்டு ஜனங்கள் சென்னைக்கு வந்தார்கள். 4-ந்தேதி மெரினா கடற்கரையில் அடக்கம். வந்த கூட்டம் ஒன்றரைக் கோடி என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. தலையை எண்ணியவர் யாரும் இல்லை. மவுண்ட்ரோடு தெரியவில்லை, மனிதத்தலைதான் தெரிந்தது. அந்த மவுண்ட்ரோட்டுக்குத்தான் பின்னர் அண்ணா சாலை என்று பெயர் வந்தது.

நெடுஞ்செழியன் தற்காலிக முதல்-மந்திரியாக இருந்தார். ஒரு வாரத்தில் கருணாநிதி முதல்-மந்திரி ஆனார். 1972-ல் எம்.ஜி.ஆர். பிரிந்து போய்த் தனிக்கட்சி தொடங்கினார். அந்தக் கட்சியின் பெயரிலும் அண்ணா, கொடியிலும் அண்ணா! 1977-ல் அவரும் கோட்டையைப் பிடித்தார். 1967-ல் கைவிட்டுப் போன ஆட்சி, 50 ஆண்டு கடந்தும் காங்கிரசுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அண்ணா கட்சியை வளர்த்தது 18 ஆண்டு. ஆண்டது 2 ஆண்டு கூட நிரம்பவில்லை. தலைவர் நாற்காலியில் கடைசி வரை அவர் உட்காரவில்லை. அவர் இறந்த அன்றும் அது பெரியாருக்காகக் காலியாகவே இருந்தது.